58 ஜிஎஸ்எம் தாளில் டபுள் ஷீட்: ஃபீடர் காற்றை எங்கிருந்து திருத்துவது?

இரட்டைவண்ணம் (சிம்மக்கல், மதுரை)

வணக்கம். எங்களிடம் இருப்பது 19 x 26 அங்குல இரட்டை வண்ண ஆஃப்செட் அச்சு மெஷின், ஸ்ட்ரீம் ஃபீடர் (குவியலிலிருந்து தாளை எடுத்து மெஷினுக்குள் அனுப்பும் பகுதி). வயதான மெஷின், ஆனாலும் அச்சில் குறை சொல்ல இடமில்லை. தொல்லை முழுவதும் ஃபீடரில்தான். 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) ஆர்ட் பேப்பர் ஏற்றினால் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடுகிறது. 58 ஜிஎஸ்எம் மேப்லித்தோ (பூச்சில்லாத தாள்) என்றால் மணிக்கு 4000 தாள் வரை ஒழுங்கு. 6000-ஐ நெருங்கினால் டபுள் ஷீட் (இரண்டு தாள் சேர்ந்து போவது), மெஷின் நின்றுவிடுகிறது. காற்றைக் குறைத்தால் தாளை எடுக்காமல் விடுகிறது, கூட்டினால் மறுபடியும் டபுள். இரண்டுக்கும் நடுவே நிற்கும் இடமே கிடைக்கவில்லை.

தாளை உறிஞ்சிப் பிடிக்கும் பின் சக்கர், முன் சக்கர் ரப்பர்கள் புதியவை. பள்ளிகளின் வினாத்தாளும் ரசீதுப் புத்தகமும் வரிசையில் காத்திருக்கின்றன. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: எந்தக் குமிழில் கை வைப்பது?

சிறுமெஷின் (திருமங்கலம்)

டபுள் ஷீட் டிடெக்டரை இறுக்கி வையுங்கள். புளோயரை (ஊதும் காற்றை) பாதியாகக் குறையுங்கள். என் மினி ஆஃப்செட்டில் இதுதான் செய்கிறேன், பிரச்சினை இல்லை.

பழையகை (தெப்பக்குளம்)

தம்பி சிறுமெஷின், உங்கள் ஃபீடர் வேறு, அவருடையது வேறு. மினி ஆஃப்செட், ஜிடிஓ போன்ற சிறிய மெஷின்களில் தாளின் முன்விளிம்பைத்தான் சக்கர் பிடிக்கிறது. ஒரு தாள் உள்ளே போன பிறகே அடுத்தது கிளம்பும். ஸ்ட்ரீம் ஃபீடரில் தாளைப் பின்விளிம்பில் தூக்கி, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி போர்டில் (மெஷினுக்குள் இட்டுச்செல்லும் பலகையில்) அனுப்புகிறது. அந்த மருந்து இந்த நோய்க்கு ஆகாது.

டிடெக்டரை இறுக்கச் சொல்வதும் சரியில்லை. டிடெக்டர் டபுள் வந்ததைச் சொல்லும் கருவி, டபுளை நிறுத்தும் கருவி இல்லை. அதிலும் ஸ்ட்ரீம் ஃபீடரில் உருளை டிடெக்டருக்கு அடியில் எந்நேரமும் ஒன்றுக்கு மேற்பட்ட தாள்கள் படிந்திருக்கலாம். அது தாளின் நீளத்தைப் பொறுத்தது. வழக்கமாக இரண்டு தாள் கிடக்கிற இடத்தில் மூன்றாவது வந்தால் நிற்கும்படி வைக்க வேண்டும். அதே தாளில் கிழித்த துண்டுகளைச் செருகிப் பார்த்து வைத்தால் போதும். இறுக்கினால் நல்ல தாளுக்கும் நிற்கும். கடுப்பில் யாராவது அதை அணைத்துவிடுவார்கள். பிறகு பிளாங்கெட் (மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பு) அடிபட்ட பின்தான் தெரியவரும்.

இரட்டைவண்ணம், உங்களுக்கு ஒரு கேள்வி. தாளைக் குவித்ததும் முதலில் என்ன செய்கிறீர்கள்? காற்றைத் திறக்கிறீர்களா, தாளைப் பார்க்கிறீர்களா?

இரட்டைவண்ணம்

ஐயா, நேர்மையான பதில்: மெஷின்மேன் பம்பைப் போட்டுவிட்டுக் காற்றைத் திறக்கிறார். முந்தைய வேலையில் குமிழ் எங்கே இருந்ததோ அங்கிருந்துதான் தொடக்கம்.

பழையகை

ஆர்ட் கார்டு ஓடிய இடத்திலிருந்து 58 ஜிஎஸ்எம் தொடங்குகிறதா? நன்றாக இருக்கிறது!

வேலை மாறினால் காற்றை முழுக்க மூடுங்கள். குவியலின் மேல்பரப்பு மட்டமா என்று பாருங்கள். பின்விளிம்பு தொங்கினால் அடியில் ஆப்பு வைத்து மட்டப்படுத்துங்கள். நான்கு மூலையும் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால் எந்தக் காற்றும் உதவாது. உயர்ந்த மூலையில் டபுள் வரும், தாழ்ந்த மூலையில் தாள் எடுக்காது, நீங்கள் குமிழோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள். தாளின் அளவு மாறியிருந்தால் சக்கர் தலையை நகர்த்திப் பின்விளிம்போடு சேர்த்தீர்களா என்றும் பாருங்கள். பக்கக் காவல் தகடுகள் தாளைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். நெருக்கினால் தாள் மிதக்காது.

அப்புறம் வெட்டு. கட்டிங் மெஷின் கத்தி மழுங்கியிருந்தால் வெட்டிய விளிம்பில் தாள்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். விரலால் விளிம்பைப் பிரித்துப் பாருங்கள். உதிராமல் கட்டியாக வந்தால் தவறு ஃபீடரில் இல்லை.

தாள்வியாபாரி (கீழமாசி வீதி)

பழையகை அண்ணன் கத்தியைச் சொன்னதற்கு நன்றி. பொதுவாக இந்த இடத்தில் எல்லோரும் தாள்காரன் தலையில் கட்டிவிடுவார்கள். “கரும்புச் சக்கைத் தாள், அதனால்தான் ஒட்டுகிறது” என்று கடையில் வந்து சண்டை போட்டவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் கரும்புச் சக்கையில் பல பத்தாண்டுகளாகத் தாள் செய்கிறார்கள், லட்சக்கணக்கான பாடப்புத்தகங்கள் அதில் அச்சாகின்றன. அந்த மெஷின்களில் எல்லாம் தாள் ஒட்டுகிறதா என்ன?

ஒன்று மட்டும் சொல்கிறேன். ரீம் உறையை முந்தைய நாளே பிரித்து அடுக்கி வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் பிரித்துப் போட்டால் விளிம்பு ஈரத்தை உறிஞ்சி அலை அலையாக எழும்பும். சித்திரை வெயிலில் நேர்மாறு: விளிம்பு காய்ந்து சுருங்கி, நடுப்பகுதி கிண்ணம்போல் நிற்கும். அச்சுக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் நல்லது என்பார்கள். மதுரையில் அதை ஏசி இல்லாமல் எதிர்பார்க்க முடியாது, உறையையாவது மூடி வைக்கலாம்.

கப்பலூர்_மெக்கானிக்

நல்ல இழை. எல்லோரும் சொன்னது சரி. ஆனால் கேள்வியில் ஒரு துப்பு இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. 4000-ல் சரி, 6000-ல் டபுள். தாளிலோ கத்தியிலோ மட்டும் தவறு என்றால் 4000-லும் டபுள் வந்திருக்கும். வேகத்தில் மட்டும் வருகிறது என்றால் உறிஞ்சும் பக்கத்தைப் பாருங்கள்.

விளக்கமாகச் சொல்கிறேன், மெஷினைக் கையால் மெல்லச் சுழற்றிக்கொண்டே பாருங்கள்.

பின்னால் இருக்கும் ஊது குழல்கள் குவியலின் மேல் தாள்களைத் தளர்த்துகின்றன. பின் சக்கர்கள் இறங்கி, மேல் தாளின் வாலை, அதாவது பின்விளிம்பை, பிடித்துத் தூக்குகின்றன. தூக்கிய கணத்தில் பிரஷர் ஃபுட் உள்ளே நுழைந்து இரண்டாவது தாளின் மேல் காலை ஊன்றுகிறது. குவியல் எவ்வளவு உயரம் என்று மெஷினுக்குச் சொல்வதும் அந்தக் கால்தான். ஊன்றியபடியே அது முதல் தாளுக்கு அடியில் காற்றை ஊதுகிறது. அந்தக் காற்று வாலிலிருந்து முன்விளிம்பு வரை ஓடித் தாள் முழுவதையும் மிதக்கவைக்கிறது. பிறகு முன் சக்கர்கள் தாளை வாங்கிக்கொள்கின்றன, பின் சக்கர்கள் விடுகின்றன, முன்னால் நிற்கும் தகடுகள் சாய்ந்து வழிவிடுகின்றன, தாள் போர்டுக்குப் போகிறது.

ஆக, ஊதும் காற்று இரண்டு, உறிஞ்சும் காற்று இரண்டு. “காற்றைக் கூட்டு” என்றால் எதை?

உறிஞ்சல் பலவீனமாக இருக்கும்போது நடப்பது இதுதான். குறைந்த வேகத்தில் சக்கர் தாளின் மேல் நிற்க நேரம் இருக்கிறது, வேக்யூம் சேர்ந்துவிடுகிறது. வேகம் கூடினால் அந்த நேரம் சுருங்குகிறது, தாள் தப்புகிறது. மெஷின்மேன் என்ன செய்வார்? தாள் எடுக்கவில்லையே என்று ஊதும் காற்றைக் கூட்டித் தாளைச் சக்கரின் வாய் வரை தூக்கிக் கொடுப்பார். இப்போது மேல் தாள் மட்டும் எழுவதில்லை, முகூர்த்த நாளில் மாட்டுத்தாவணியில் பஸ் கதவைத் திறந்தாற்போல் மொத்தமாக எழும்புகின்றன. பின்விளிம்பின் மேல் நிற்கும் தகட்டு ஸ்பிரிங்காலும் பிரஷ்ஷாலும் தடுக்க முடியாது. டபுள். 58 ஜிஎஸ்எம் இலேசு என்பதால் முதலில் அதில் தெரிகிறது.

இரட்டைவண்ணம், மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பம்பின் வேக்யூம் மீட்டர், குழாயை அடைத்தால் எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு. ஃபில்டரைக் கடைசியாக எப்போது திறந்தார்கள். டபுள் விழும்போது இரண்டாவது தாள் எப்படி வருகிறது: முதல் தாளோடு வால் ஒட்டி நேராகவா, கொஞ்சம் பின்தங்கிக் கோணலாகவா?

சிவகாசி_இரவுஷிப்ட்

கடைசிக் கேள்விக்காகவே மெக்கானிக் அண்ணனுக்கு ஒரு வணக்கம். எங்கள் பக்கம் ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் வெளியிட வேண்டும் என்று ஆனி மாதம் முழுவதும் விடிய விடிய ஓடும். அந்தச் சமயத்தில் டபுளை நிறுத்திப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. இரண்டு தாளையும் உருவிக் கசக்கி எறிந்துவிட்டுத் தொடங்குவோம். அந்தக் கசக்கிய தாளில்தான் விடை இருக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

நேராக வந்தால் என்ன, கோணலாக வந்தால் என்ன என்று விளக்குங்களேன்.

கப்பலூர்_மெக்கானிக்

இரண்டும் வால் ஒட்டி நேராக வந்தால், பிரிக்கும் இடத்திலேயே பிரியவில்லை. பின் சக்கர் இரண்டையும் சேர்த்துத் தூக்கியிருக்கிறது. பின் ஊதல் அதிகம், அல்லது ஸ்பிரிங் விளிம்பின் மேல் போதுமான அளவு நிற்கவில்லை, அல்லது குவியல் சக்கருக்கு மிக அருகில் இருக்கிறது. மேப்லித்தோவில் இன்னொன்றும் உண்டு: நுண்துளை உள்ள தாள். உறிஞ்சல் அளவுக்கு மீறினால் முதல் தாளைத் துளைத்து இரண்டாவதையும் இழுக்கும். பூச்சுத் தாளில் இது அவ்வளவாக நடக்காது.

இரண்டாவது தாள் பின்தங்கி, கோணலாக, போர்டின் தொடக்கத்தில் சிக்கியிருந்தால், பின்னால் சரியாகப் பிரிந்துவிட்டது. முன்னால் உரசி இழுபட்டிருக்கிறது. பிரஷர் ஃபுட்டின் ஊதல் போதவில்லை, முதல் தாளின் முன்பாதி மிதக்காமல் கீழ்த்தாளோடு ஒட்டியபடி நகர்கிறது. இதற்குக் காற்றைக் கூட்ட வேண்டும், அதுவும் ஃபுட் காற்றை மட்டும். முதல் வகைக்குக் குறைக்க வேண்டும். ஒரே டபுள்தான், மருந்து தலைகீழ்.

சிறுமெஷின்

இது எனக்குப் புதிது. என் மெஷினில் ஃபுட்டே இல்லை, அதனால் கத்தியும் பக்க ஊதலும் மட்டும்தான் எனக்குக் கவலை. பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொரு சந்தேகம். பிற்பகலில் மட்டும் தாள் ஒன்றோடொன்று ஒட்டுகிறது, காலையில் இல்லை. இதுவும் காற்றா?

பழையகை

பங்குனி, சித்திரையிலா? நிலைமின்சாரம். காய்ந்த காற்றில் தாளைத் தாள் உரசினால் ஒட்டிக்கொள்ளும். காற்றைக் கூட்டினால் உரசலும் கூடும். மெஷினின் எர்த் கம்பி உண்மையிலேயே பூமியில் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். தரையில் தண்ணீர் தெளித்து வைப்பது பழைய வழி, கேலி செய்யாதீர்கள். தெளிக்கும்போது மோட்டார் பக்கமும் தாள் பக்கமும் போகாமல் இருந்தால் சரி.

தலைக்கு மேல் ஓடும் சீலிங் ஃபேனையும் பாருங்கள். ஃபீடருக்கு நேர் மேலே இருந்தால் மிதக்கும் தாளின் மூலையை அது அமுக்கும். ஆடி மாதம் ஜன்னல் வழியே வரும் காற்றும் அப்படியே. நம் ஊர் அச்சகங்களில் ஃபீடர்க்காரனுக்கு வேர்க்கிறதே என்று ஃபேனைக் குவியல் பக்கம் திருப்பிவிட்டு, பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள்.

இரட்டைவண்ணம்

பார்த்துவிட்டேன். மெஷின்மேனும் நானும் சேர்ந்துதான் பார்த்தோம். முதலில் அவருக்குச் சற்றுக் கோபம், பிறகு அவரே முன்னால் நின்றார்.

டபுள்: வால் ஒட்டி, நேராக. ஒவ்வொரு முறையும் அப்படியே.

மீட்டர்: பம்ப் வாயில் குழாயை அடைத்தால் முள் நன்றாக ஏறுகிறது. குழாயை மாட்டி ஓட்டினால் விழுந்துவிடுகிறது. வேகம் கூடக் கூட முள் நடுங்குகிறது.

ஃபில்டர்: திறந்தபோது வெள்ளை மாவு. ஸ்பிரே பவுடரும் (அச்சான தாள்கள் ஒட்டாமலிருக்கத் தூவும் மாவு) தாள்தூசியும் சேர்ந்து அப்பம்போல் படிந்திருந்தது. அதை மாற்றிய பிறகு முன்னேற்றம் இருந்தது, ஆனால் முழுக்கத் தீரவில்லை. 5500 வரை போய் நின்றது.

கப்பலூர்_மெக்கானிக்

பம்ப் வாயில் அடைத்தால் ஏறுகிறது, அதனால் பம்ப் நல்லது. பம்புக்கும் சக்கருக்கும் நடுவே ஒழுகுகிறது. சக்கர் தலை முன்னும் பின்னும் போய்வரும் இடத்தில் குழாய் மடங்கி விரிகிறதல்லவா, அங்கே தேடுங்கள். மெஷின் நிற்கும்போது விரிசல் மூடிக்கொண்டு கண்ணுக்குப் படாது. மெல்லிய தாள்நாடா ஒன்றைக் கையில் பிடித்து, பம்பை மட்டும் ஓடவிட்டு, தலையைக் கையால் மெல்ல நகர்த்திக்கொண்டே குழாய் நெடுகக் கொண்டு போங்கள். ஒழுகும் இடம் நாடாவை இழுக்கும்.

எச்சரிக்கை: மெயின் மோட்டார் நிறுத்த பட்டனைப் பூட்டிவிட்டுச் செய்யுங்கள். ஒருவர் கை உள்ளே இருக்கும்போது இன்னொருவர் பட்டன் பக்கம் போகக் கூடாது.

ஃபில்டரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், தாள் சுருள் ஃபில்டர் என்றால் உள்ளிருந்து வெளியே கம்ப்ரஸர் காற்று அடித்து இன்னும் சில முறை பயன்படுத்தலாம். வெளியிலிருந்து அடித்தால் மாவு உள்ளே போய்ப் பம்பின் கார்பன் பிளேடைத் தின்னும்.

இரட்டைவண்ணம்

கிடைத்துவிட்டது. நீங்கள் சொன்ன அதே மடிப்பில், குழாயின் அடிப்புறத்தில், நகம் நுழையும் அளவு கீறல். தலை பின்னால் போகும்போது மூடுகிறது, முன்னால் வரும்போது வாய் திறக்கிறது. நாடா அங்கே ‘சடக்’ என்று ஒட்டிக்கொண்டது.

குழாய் மாற்றியதும் செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். பழையகை ஐயா சொன்னபடி எல்லாக் காற்றையும் மூடினோம். குவியலின் பின்விளிம்பில் இடப்பக்கம் தாழ்ந்திருந்தது, ஆப்பு வைத்தோம். பின் ஊதலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தோம். மேலே எட்டு, பத்து தாள்கள் மட்டும் ஒன்றிலிருந்து ஒன்று விலகி மூச்சு விடுவதுபோல் அசைந்தன, அதற்குக் கீழே குவியல் அசையவில்லை. அங்கேயே நிறுத்தினோம். உறிஞ்சலைத் தாள் தப்பாத அளவுக்கு மட்டும். கடைசியாக ஃபுட் காற்று: தாளின் முன்விளிம்பு படபடக்காமல் தட்டையாக மிதக்கும் வரை. எல்லாவற்றையும் ஓடும் வேகத்திலேயே ஒரு முறை மறுபார்வை பார்த்தோம்.

6500-ல் வினாத்தாள் முழுவதும் ஓடி முடிந்தது. வழக்கமாக நாங்கள் வைக்கும் இடத்தில் பாதிகூட இல்லை காற்றுக் குமிழ்.

தாள்வியாபாரி

தாள் என்ன பிராண்டு என்று யாருமே கேட்கவில்லை என்பதைப் பதிவுசெய்துகொள்கிறேன்.

சிவகாசி_இரவுஷிப்ட்

ஹா! 

இழை முடிவதற்குள் ஒரு கேள்வி. எங்கள் வளாகத்தில் மின்வாரியம் டிரான்ஸ்ஃபார்மர் வேலை பார்த்த மறுநாள், சக்கர் தாளை எடுக்காமல் ஊதித் தள்ளியது. மெஷின் சரியாக ஓடுகிறது, ஃபீடர் மட்டும் பேய் பிடித்ததுபோல். இப்போது சரியாகிவிட்டது, எலெக்ட்ரீஷியன் ஏதோ கம்பியை மாற்றினார். ஏன் அப்படி?

கப்பலூர்_மெக்கானிக்

மூன்று பேஸில் இரண்டு இடம் மாறியிருக்கும். பம்ப் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். உறிஞ்ச வேண்டிய வாய் ஊதும், ஊத வேண்டிய வாய் உறிஞ்சும். மெயின் மோட்டாருக்குத் தனி டிரைவ் இருந்தால் அது பாட்டுக்குச் சரியாக ஓடும், அதனால்தான் குழப்பம். பேஸ் வரிசை காக்கும் ரிலே ஒன்று போட்டுவிடுங்கள். கார்பன் பிளேடு பம்பை எதிர்த்திசையில் ஓடவிட்டால் பிளேடு உடைய வாய்ப்பு உண்டு.

பிளேடு பற்றிச் சொல்ல விட்டுப்போனது: உலர் பம்பில் எண்ணெய் விடவே கூடாது. கீச்சிடுகிறதே என்று இரக்கப்பட்டு இரண்டு சொட்டு விடுகிறார்கள். கார்பன் தூளும் எண்ணெயும் சேர்ந்து பசையாகி, பிளேடு பள்ளத்துக்குள் ஒட்டிக்கொள்ளும், பம்ப் போச்சு. தேய்ந்தால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், முழு செட்டாக மாற்றுங்கள். பழையதன் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் வெர்னியரில் அளந்து கொண்டுபோனால் கடையில் அலைய வேண்டாம்.

இரட்டைவண்ணம்

அடுத்த வாரம் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டில் கல்யாணப் பத்திரிகை. இதே இடத்தில் குமிழை விட்டு வைக்கலாமா?

பழையகை

மறுபடியும் மூடிவிட்டுத் தொடங்குங்கள், தம்பி. அட்டைக்குச் சக்கரில் ரப்பர் வளையம் போடுங்கள், உறிஞ்சலைக் கூட்டுங்கள், தகட்டு ஸ்பிரிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடுங்கள், சக்கருக்கும் குவியலுக்கும் இடைவெளி மெல்லிய தாளைவிடக் குறைவு. அட்டை முன்பக்கம் கீழே வளைந்திருந்தால் முன் ஆப்பு. இரண்டாவது பக்கம் ஓட்டும்போது மை முழுக்கக் காய்ந்ததா என்று பாருங்கள், மையில் ஒட்டிய அட்டையைக் காற்று பிரிக்காது.

இரட்டைவண்ணம்

சரி ஐயா. போர்டில் டேப்பும் பிரஷ் வீலும் ஒரு பக்கம் வேகமாக இழுக்கின்றன, தாள் லேயில் (தாளை நிறுத்தி நேராக்கும் தடையில்) கோணலாக முட்டுகிறது. அதையும் இங்கேயே கேட்கலாமா?

கப்பலூர்_மெக்கானிக்

தனி இழை தொடங்குங்கள். அதற்கு முன் எல்லா டேப்பையும் விரலால் தூக்கி இறுக்கத்தை ஒப்பிட்டு எழுதிவிடுங்கள், அது இல்லாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.